மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரும் எங்கள் பேரவை டிரம்ஸும்

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்



மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிய அன்றைக்கே நம்ம ஆளுங்க ஜி.டி. நாயுடுவையும் அப்துல் கலாமையும் பங்கு போட்டு எடுத்துக்கிட்டாங்க. எனக்கு மிஞ்சினது யாரும் கேட்காத ஒருத்தர். அவர் விஞ்ஞானி இல்லை, தலைவர் இல்லை. மிருதங்கம் வாசிச்சவர். மிருதங்கத்துக்கும் பாலிடெக்னிக்குக்கும் என்னடா சம்பந்தம்னு கேட்பீங்க. அதைச் சொல்லணும்னா, போன வருஷ ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் நான் செய்த ஒரு காரியத்தை முதலில் ஒப்புக்கொள்ளணும்.

பேரவை அறையில் ஒரு டிரம்ஸ் செட் இருப்பது எல்லாருக்கும் தெரியும். எப்பவோ படிச்ச அண்ணன்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கி வெச்சுட்டுப் போனது. அதில் ஸ்னேர் டிரம்மின் சத்தம் தகர டப்பா மாதிரி இருக்குன்னு பசங்க கேலி செய்தாங்க. எனக்கு ரோஷம் வந்துருச்சு. சாவியை எடுத்தேன். கைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு திருகைப் போட்டு முறுக்கினேன், அதற்கு அடுத்ததை முறுக்கினேன், இப்படியே வட்டமாகப் போனேன். சுற்று முடியும் முன்பே ஒரு பக்கம் தோல் சுருங்கிக் கிடந்தது, மறுபக்கம் விறைத்து நின்றது. விறைத்த பக்கத்தை விட்டுட்டு மறுபடியும் அதையே முறுக்கினேன். டப்புனு ஒரு சத்தம். திருகு காற்றில் சுற்ற ஆரம்பிச்சது. உள்ளே இருந்த நட்டின் மரை மொத்தமாகப் போய்விட்டது.

ஃபிட்டிங் பாடத்தில் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்ததுதான். ஃபிளாஞ்சில் போல்ட்டை எப்படி இறுக்கணும், சிலிண்டர் ஹெட்டை எப்படி இறுக்கணும், எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. பரீட்சையில் படம் போட்டு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். இசைக்கருவின்னதும் அதெல்லாம் மறந்து போச்சு. எட்டுத் திருகு இருக்கிற ஒரு வட்டத் தகடுதானே இது என்று அந்த நேரத்தில் தோணவே இல்லை.

விழா அன்றைக்கு வெளியில் வாடகைக்கு எடுத்துச் சமாளித்தார்கள். அண்ணன்கள் வாங்கி வெச்ச சாமானை நான் உடைத்தேன் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

எங்கள் வீட்டுப் பக்கத்தில், சின்னவேடம்பட்டிக்குப் போகிற வழியில், ஒரு பெரியவர் இருக்கிறார். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மார்கழி பஜனைக்கு மிருதங்கம் வாசிப்பார். ஸ்னேரைத் துணியில் சுற்றி எடுத்துக்கிட்டு அவரிடம் போனேன். பெரியவர் ஏனுங்க கண்ணு இதுன்னு கேட்டு, வாங்கி மடியில் வெச்சு, ஒவ்வொரு திருகுக்கும் ஓர் அங்குலம் உள்ளே விரலால் தட்டிக் கொண்டே வந்தார். எட்டு இடத்தில் எட்டுச் சத்தம். அப்புறம் தன் மிருதங்கத்தை எடுத்து வலது பக்கத்தில் அதே மாதிரி சுற்றி வந்தார். பதினாறு இடம். ஒரே சத்தம். சுவரில் பழைய காலண்டர் தாளில் இருந்து வெட்டி ஒட்டிய ஒரு படம் இருந்தது. நெற்றியில் திருநீறு, தலை கொஞ்சம் சாய்ந்து, கண் எங்கேயோ. அவர்தான் பாலக்காடு மணி ஐயர். அன்றைக்கு முழுக்கப் பெரியவர் அவரைப் பற்றித்தான் பேசினார். மீதியை நான் நூலகத்தில் தேடிப் படித்தேன்.

மணி ஐயர் பிறந்தது 1912 ஜூன் மாதம், பாலக்காட்டு வட்டாரத்தில். நமக்கு அது வெளியூரே இல்லை. இங்கிருந்து 50 கிலோமீட்டர் சொச்சம். ஆடி மாசம் நம்ம ஊரில் அடிக்கிற காற்று அந்தக் கணவாய் வழியாக வருவதுதான். அப்பா சேஷ பாகவதர் பாடகர். மகன் கை தாளத்தில் ஓடுவதைப் பார்த்துச் சின்ன வயசிலேயே சாத்தபுரம் சுப்பய்யரிடம் மிருதங்கம் கற்கச் சேர்த்துவிட்டார். அரைக்கால் சட்டை வயசில் கச்சேரி மேடை ஏறியவர். அதே வட்டாரத்துக்காரரான செம்பை வைத்தியநாத பாகவதர் பையனின் திறமையைப் பார்த்துத் தன்னோடு சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது மணிக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயசுதான். பெரிய வித்வான்கள் உட்கார்ந்திருந்த சபையில் அந்தப் பையன் வாசித்ததை அந்தத் தலைமுறை ரசிகர்கள் கடைசி வரை பேசிக்கொண்டே இருந்தார்களாம்.

இங்கே ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. பேர் வந்தாச்சு, கச்சேரி வந்தாச்சு. நாமளா இருந்தா அதோட படிப்பை மூட்டை கட்டிடுவோம். அவர் அதற்கப்புறம் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் மாணவனாகப் போய் உட்கார்ந்தார். தஞ்சாவூரையே தன் ஊராக ஆக்கிக்கொண்டார். அந்தக் காலத்தில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை என்ற பெரியவர் மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் மன்னராக இருந்தார். அவர் கஞ்சிராவோடு பக்கத்தில் உட்கார, இந்தச் சின்னப் பையன் மிருதங்கம் வாசித்த மேடைகளும் உண்டு.

தஞ்சாவூரில் அவருக்கு இன்னொரு ஆளும் கிடைத்தார். இந்தக் கட்டுரைக்கு அவர்தான் முக்கியம். பெயர் பர்லாந்து. மிருதங்கம் செய்கிறவர்.

அவரைச் சொல்வதற்கு முன்னால் மிருதங்கம் என்ன மாதிரி வேலை என்று சொல்லிவிடுகிறேன், டெக்னிக்கல் பசங்களுக்கு அதில் ருசி இருக்கு. உடல் பலாமரம், ஒரே கட்டையைக் குடைந்தது. வலது பக்கம் வலந்தலை. அதில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தோல்கள்: நடுவில் ஒலி எழுப்புகிற சாப்புத் தோல், அதன் மேல் விளிம்பில் வளையமாக மீட்டுத் தோல், அடியில் இன்னொரு வளையம். இரண்டுக்கும் நடுவில் சின்னச் சின்ன வைக்கோல் குச்சிகளைச் செருகுவார்கள், அல்லது கல் துணுக்கு. அதனால் வருவதுதான் அந்த ரீங்காரம். நடுவில் கறுப்பாக இருப்பது கரணை. கிட்டக்கல் என்கிற தாதுக்கல்லைப் பொடியாக்கி, குழைந்த சோற்றோடு சேர்த்து, கொஞ்சம் வெச்சு, கல்லால் தேய்ச்சு, காயவிட்டு, மறுபடியும் வெச்சு, இப்படிப் படலம் படலமாக ஏற்றுவது. இடது பக்கம் தொப்பி. கச்சேரிக்கு முன்னால் அதன் நடுவில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். ரவை கூடினால் ஒலி இறங்கும், குறைந்தால் ஏறும். இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிப்பது எருமைத்தோல் வார். விளிம்பில் பின்னியிருப்பது மூட்டு. சுருதி சேர்க்க ஒரு கல்லும் ஒரு கட்டையும் போதும். மூட்டை மேலிருந்து கீழே தட்டினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். பதினாறு கண்ணும் ஒரே சுருதிக்கு வரணும். ஒரு கண்ணைத் தட்டினால் அதற்கு எதிர்க் கண்ணும் கொஞ்சம் நகரும். ஆகவே எதிரெதிராகத்தான் போகணும். நம்ம சிலிண்டர் ஹெட் கதைதான்.

அந்தக் கரணை சும்மா அலங்காரம் இல்லை. வெறும் தோலை வட்டமாக இழுத்துக் கட்டித் தட்டினால், அடிப்படை ஒலி ஒன்று என்றால் அடுத்தடுத்த ஒலிகள் 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் வரும். அதனால்தான் சாதாரண முரசில் சத்தம் வரும், ஸ்வரம் வராது. நடுவில் பாரம் ஏற்றினால் அந்த ஒலிகள் 2, 3, 4 என்று ஒழுங்கான மடங்குகளுக்கு நெருங்கி வந்துவிடும். இதை 1920-ல் நேச்சர் இதழில் எழுதியவர் நம்ம சர் சி.வி. ராமன், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து. 1934-ல் இன்னும் விரிவாக எழுதினார். தோல் மேல் மெல்லிய மணலைத் தூவி, அது எங்கெங்கே கோடாக ஒதுங்குகிறது என்று பார்த்தார். இயற்பியல் லேபில் நாம் சொனோமீட்டரோடு மல்லுக்கட்டும்போது இதையும் ஒரு செய்முறையாக வைத்திருந்தால் எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! அது இருக்கட்டும். ராமன் காரணம் கண்டுபிடிப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாலேயே, எவ்வளவு கரணை, எந்த இடத்தில், எவ்வளவு கனம் என்று காதால் கண்டுபிடித்தவர்கள் தோல் வேலை செய்தவர்கள். அவர்கள் பேர் எந்த இதழிலும் இல்லை.

பர்லாந்து அந்த வழியில் வந்தவர். தஞ்சாவூரில் செபாஸ்டியன் என்பவரின் குடும்பம், தலித் கிறிஸ்தவர்கள், தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்கிறவர்கள். மணி ஐயர் ஆசாரமான பிராமணக் குடும்பம். வலந்தலைக்கு வேண்டிய பசுத்தோலையும் ஆட்டுத்தோலையும் தேர்ந்தெடுத்து, வழித்து, வெட்டிக் கொண்டுவர வேண்டியவர் பர்லாந்து. தோலைத் தொடுவதால் ஊர் அவரைத் தள்ளி வைத்தது. அதே தோல் மூட்டிக் கட்டி முடித்ததும் பூஜை அறையில் உட்கார்ந்தது. இதை இப்படியே சொல்லிவிடுவதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பல பத்தாண்டுகள் நடந்த வேலை சாதாரணமானது இல்லை. மணி ஐயருக்கு மிருதங்கத்தின் நாதம் என்பது ஒரு பைத்தியம் மாதிரி. வாசிப்பு பாதி, வாத்தியம் பாதி என்று இருந்தவர். மிருதங்கம் தயாராகும்போது பக்கத்திலேயே இருந்து, இந்த ஒலி போதாது, அந்த ஒலி அதிகம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பர்லாந்து பிரிப்பார், மறுபடியும் மூட்டுவார். தோலின் கனத்தை மாற்றிப் பார்ப்பார், கரணையை மாற்றிப் பார்ப்பார். மணி ஐயருக்கு மனசில் கேட்ட ஒலியைத் தோலில் கொண்டுவந்து காட்டத் தெரிந்த கை பர்லாந்தின் கை. ஒருத்தருக்குக் கேட்கத் தெரிந்தது, இன்னொருத்தருக்குச் செய்யத் தெரிந்தது என்று பிரித்துவிடவும் முடியாது. கேட்கத் தெரியாமல் அப்படிச் செய்ய முடியாது. டிராயிங் போட்டுக் கொடுக்கிறவருக்கும் லேத்தில் நிற்கிறவருக்கும் உள்ள உறவை நாம் தினமும் பார்க்கிறோம். பீஸ் நல்லா வந்தா டிராயிங்குக்குப் பேர், கெட்டுப்போனா லேத்துக்குப் பேர்.

2020-ல் டி.எம். கிருஷ்ணா இந்தக் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் செபாஸ்டியன் அண்ட் சன்ஸ் என்று ஒரு புத்தகமே எழுதினார். எத்தனை காலம் கழித்து என்று பாருங்கள்.

மேடைக்கு வருவோம். அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என்று அந்தக் காலத்துப் பெரிய பாடகர்கள் எல்லாருக்கும் வாசித்தார். பக்கவாத்தியம் என்றால் தாளம் காட்டுவது என்பதை மாற்றி, பாட்டின் கூடவே நடந்து போவது என்று ஆக்கியவர் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்த அளவு ஞானம் இல்லை. பெரியவர் தன் போனில் ஒரு பழைய பதிவைப் போட்டுக் காட்டினார். பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் தொப்பியில் ஒரு கும்கி, புறா கத்துகிற மாதிரி. அது மட்டும் எனக்கும் புரிந்தது. அந்தச் சத்தம் ரவையின் ஈரம் சரியாக இருந்தால்தான் வரும் என்று பெரியவர் சொன்னார். அதே காலத்தில் பழனி சுப்பிரமணிய பிள்ளை என்று இன்னொரு மேதை, இடது கைக்காரர், 1908-ல் பிறந்து 1962-ல் மறைந்தவர். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டிருக்கிறார்கள், நாம ரஜினி கமல் சண்டை போட்ட மாதிரி.

பிடிவாதக்காரரும்தான். 1960-களில் மைக் வேண்டாம் என்று கிளம்பினார். மைக் வந்ததும் வாத்தியத்தின் நாதத்தைத் தீர்மானிப்பது வாசிக்கிறவனும் செய்கிறவனும் இல்லை, பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் என்பது அவர் வருத்தம். மைக் இல்லாத கச்சேரி என்று கொஞ்ச காலம் நின்று பார்த்தார். நீடிக்கவில்லை. எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நம்ம விழாவில் ஒலிபெருக்கிக்காரர் செய்கிற வேலையைக் கேட்ட பிறகு எனக்கு மணி ஐயர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

இன்னொரு பிடிவாதம் எனக்குப் பிடிக்கவில்லை. பெண் பாடகர்களுக்கு வாசிக்கமாட்டேன் என்று பல காலம் இருந்தார். பிறகு அவர் மகள் லலிதாவை டி.கே. பட்டம்மாளின் மகனுக்குக் கொடுத்து, சம்பந்தி ஆன பிறகு பட்டம்மாளுக்கு வாசித்தார். பெரிய மனுஷர் என்பதால் இதை மறைத்து எழுதணும் என்று இல்லையே. அந்தச் சம்பந்தத்தில் வந்த பேத்திதான் பாடகி நித்யஸ்ரீ மகாதேவன்.

விருதுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1956-ல் சங்கீத நாடக அகாடமி விருது. 1965-ல் எடின்பரோ விழாவில் கே.வி. நாராயணசாமி, லால்குடி ஜெயராமனோடு வாசித்தார். 1966-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. மிருதங்கக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. பெரும்பாலும் பாட்டுக்காரர்களுக்குப் போய்க்கொண்டிருந்த பட்டம், மிருதங்கம் வாசிக்கிறவருக்கும் வந்தது. 1971-ல் பத்மபூஷண். கடைசிக் காலத்தில் ஆந்திராவில் ரிஷிவேலி பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1981 மே 30-ந் தேதி காலமானார். மகன் ராஜாமணி, பாலக்காடு ரகு, உமையாள்புரம் சிவராமன் என்று சீடர்கள் அவர் வழியை எடுத்துச் சென்றார்கள். இதில் சிவராமன் ஃபைபர் கிளாஸ் மிருதங்கம் வரைக்கும் செய்து பார்த்தவர் என்பது நமக்கு ருசிக்கும்.

பெரியவர் எனக்குச் சொல்லித்தந்தது இந்தக் கதையோடு நிற்கவில்லை. மணி ஐயர் மாதிரி வாசிக்க நம்மால் ஆகாது கண்ணு, ஆனா அவர் மாதிரி வாத்தியத்தைப் பார்த்துக்கலாம் என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லி, தன் மிருதங்கத்தை எப்படிப் பராமரிக்கிறார் என்று காட்டினார். வாசித்து முடித்த உடனே ரவையைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துவிடுவார். விட்டால் தோல் அழுகும், எறும்பு வரும். உறை போடாமல் வைக்கமாட்டார். வெயிலில் வைக்கமாட்டார். ஆடிக் காற்று ஈரத்தோடு பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்தால் தோல் தளரும், சித்திரை வெயிலில் விறைக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் கல்லை எடுத்துத் தட்டித்தான் ஆகணும். மாரியம்மன் நோம்பியில் பறையையும் பம்பையையும் நெருப்பில் காட்டி ஏற்றுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம், அதே சங்கதி.

நம்ம டிரம்ஸுக்குத் தோல் இல்லை. 1957 வாக்கில் அமெரிக்காவில் பாலியெஸ்டர் படலத்தில் டிரம் தலைகள் வந்தன, இப்போது எல்லா இடத்திலும் அதுதான். ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது. ஆனால் அடிக்க அடிக்கத் தளரும், நடுவில் பள்ளம் விழும்.

ஸ்னேரைச் சரி செய்ய எனக்கு மூன்று வாரம் ஆச்சு. உடைந்த நட்டின் மரை நம்ம கடைகளில் கிடைக்கிற எம்.5, எம்.6 எதுவும் இல்லை. வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர் பக்கம், அங்குலத்துக்கு 24 மரை. அதற்கான டேப் கணபதியில் ஒரு பட்டறையில்தான் கிடைத்தது. வொர்க்‌ஷாப் ஐயாவிடம் அனுமதி வாங்கிப் பித்தளையில் நட்டைக் கடைந்தேன். முதல் இரண்டு வீண். மூன்றாவது உட்கார்ந்தது.

அப்புறம் பெரியவர் வீட்டுத் திண்ணையில் வைத்துச் சுருதி சேர்த்தேன். எல்லாத் திருகையும் முதலில் விரலால், தொடும் வரை. பிறகு சாவியால் அரைச் சுற்று, எதிர்த் திருகுக்கு அரைச் சுற்று, பிறகு குறுக்கே. ஒரு சுற்று முடிந்ததும் உள்ளங்கையால் நடுவில் அழுத்தி உட்கார வைத்து, ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் தட்டிக் கேட்டேன். எனக்கு எட்டும் ஒன்றுபோலத்தான் கேட்டது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, ஐந்தாவதில் கை வைத்தார். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன். அப்போதுதான் எனக்கே வித்தியாசம் தெரிந்தது. அந்த ஒரு கால் சுற்றைக் கேட்கத் தெரியாமல்தான் போன வருஷம் மரையை உடைத்தேன்.

நான் மே மாதத்தோடு போய்விடுவேன். ஸ்னேர் இப்போது பேரவை அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் உறை போட்டு இருக்கிறது. உறை அம்மா தைத்துக் கொடுத்தது. சாவியை ஸ்டாண்டிலேயே கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன், அவிழ்க்க வேண்டாம். பாஸ் டிரம் பெடலின் செயினுக்கு மாதம் ஒரு சொட்டு எண்ணெய் போதும். சிம்பலுக்கு அடியில் இருக்கிற கம்பளித் துண்டைத் தொலைத்துவிடாதீர்கள், அது இல்லாமல் இறுக்கினால் தட்டு விரிசல் விடும். பித்தளை நட்டு இருக்கிற திருகில் சிவப்பு மை வைத்திருக்கிறேன். அதை மட்டும் கடைசியில், மெதுவாகத் திருப்புங்கள்.